மெட்ராசுக்கு எந்த மாதம் போகலாம்?



"டீச்சர், அம்மாவை ஒரு தடவை மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். எப்போது போனால் நல்லது?"

தோட்டத்துக் கோயில் வாசலிலும், பெற்றோர் கூட்டம் முடிந்து கலையும்போதும் இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். "நீங்கள் எப்போது போவதாக எண்ணியிருக்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால், அநேகமாக மூன்று பதில்களில் ஒன்று வரும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்போது என்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும்போது என்பார்கள். இல்லாவிட்டால், ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வரும்போது என்பார்கள். வெயிலையும் மழையையும் பற்றி யாரும் பேசுவதில்லை. நானாக எடுத்துச் சொன்னால், "நாம் என்ன பனி நாட்டிலா இருக்கிறோம்? பிறந்தது முதல் வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்தவர்கள்தானே!" என்று சிரித்துவிடுகிறார்கள்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த மாதம் எழுத நினைக்கிறேன். மெட்ராஸ் பயணம் நமக்கு வாரக் கடைசி உலா அன்று. ஊழியர் சேமநிதியில் எடுத்த பணம், சீட்டுப் பிடித்த பணம், மகன் மாதாமாதம் ஒதுக்கி வைத்த ஐம்பது வெள்ளி இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு பயணம் ஆகிறது. அதிலும் பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரே ஒரு தடவை. ஆகவே மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும்.

இங்கே உள்ள வெயில் வேறு

நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோலாலம்பூரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். இரவில் 24 டிகிரிக்கு இறங்கிவிடும். எந்த மாதமாயினும் மழை உண்டு. பகலெல்லாம் காய்ந்தாலும், மாலையில் இடி முழக்கத்தோடு ஒரு மழை வந்து தகரக் கூரையைக் குளிரவைத்துவிட்டுப் போகும். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பால்மரத்தின் நிழலோ செம்பனையின் நிழலோ வேறு இருக்கிறது. நாம் பழகிய வெயில் இதுதான்.

சென்னை நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து 13 பாகை வடக்கே, வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஈரம் அதிகம். புழுக்கமும் அதிகம். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஜனவரியில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது குறைவு. இரவில் 21 டிகிரிக்கு வந்துவிடும். மே மாதத்திலோ பகலில் சராசரியாக 37, 38 டிகிரி. பல நாள்களில் 40-ஐத் தாண்டும். 2003-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் 45 டிகிரி வரை ஏறியது.

பகலைவிட இரவைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இரவு வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பகலில் வெந்துபோன உடம்பு இரவில்தான் ஆறுகிறது. இரவும் ஆறவிடாவிட்டால் மறுநாள் வெயிலை அது களைப்போடுதான் சந்திக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வையும் எளிதில் உலராது. வியர்வை உலரும்போதுதான் உடம்பின் சூடு தணிகிறது. அது உலராமல் வழிந்துகொண்டே இருந்தால், தண்ணீரும் உப்பும் போகுமே தவிர சூடு போகாது. இளைஞர்கள் தாங்கிக்கொள்வார்கள். எழுபது வயதுக்காரர் எப்படித் தாங்குவார்?

அந்தக் காலத்தில் ரஜுலா, சிதம்பரம் போன்ற கப்பல்களில் போனவர்கள் பல நாள் கடலில் இருந்தார்கள். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. இன்று ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் விமானம் இறக்கிவிடுகிறது. காலையில் லயத்துக் குழாயடியில் முகம் கழுவியவர், அன்று பிற்பகலில் கத்திரி வெயிலில் நிற்கிறார்.

பாட்டி சொன்ன மாதக் கணக்கு

நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் சில பழமொழிகள் அடிக்கடி வரும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்." "ஐப்பசி அடைமழை." "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்." வகுப்பில் இவற்றைச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் விழிப்பார்கள். நம் தோட்டத்தில் தை மாதத்தில் பனி ஏது? ஐப்பசியில் மட்டுமா மழை?

இந்தப் பழமொழிகள் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. தமிழ்நாட்டு மண்ணில் உழுதவர்கள், அந்த வானத்தைப் பார்த்துச் சொன்னவை. கப்பலேறி வந்த நம் முன்னோர் மண்வெட்டியை விட்டுவிட்டு வந்தாலும் பழமொழியை விடாமல் கொண்டுவந்தார்கள். இங்கே அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மெட்ராசுக்கு டிக்கெட் எடுக்கும் நாளில் அவை மறுபடியும் உயிர் பெறுகின்றன. பாட்டியின் கணக்கை வைத்துக்கொண்டே மாதங்களைப் பார்ப்போம்.

சித்திரை, வைகாசி

ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வருகிறது. அதை ஒட்டி, மே 4-ஆம் நாள் வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 25 நாள்கள் அக்கினி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிக்கும். கத்திரி வெயில் என்பதும் அதுதான். ஜூனில் கேரளத்தில் மழை கொட்டும்போதுகூடச் சென்னையில் வெயில் தணியாது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துவிடுகிறது. மலையைத் தாண்டி வரும் காற்று வறண்டு, சூடாகி வருகிறது. நண்பகல் வாக்கில் கடல்காற்று உள்ளே புகுந்தால் நகரம் சற்று மூச்சு விடும். கடல்காற்று தாமதித்த நாளில் அனல்தான்.

உள்நாட்டு ஊர்களுக்கு அந்தக் கடல்காற்றும் கிடையாது. நம்மில் பலருடைய சொந்த ஊர் சென்னை அல்ல. சேலம், வேலூர், திருச்சி பக்கத்துக் கிராமங்கள். சென்னையில் இறங்கி அங்கே போகிறவர்கள் இன்னும் கடுமையான வெயிலுக்குள் போகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் பலர் இந்த மாதங்களில்தான் புறப்படுகிறார்கள். நம் பள்ளிகளின் ஆண்டு நடு விடுமுறை பெரும்பாலும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தை ஒட்டி வருகிறது. அங்கும் அது கோடை விடுமுறைக் காலம். ஊர்த் திருவிழாவும் வைகாசிக் கல்யாணமும் அப்போதுதான். "வைகாசியில் வாருங்கள், எல்லோரும் வீட்டில் இருப்போம்" என்று உறவினர்கள் அன்போடு கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த வெயில் பழகிப்போனது.

சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்துத் தோட்டத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மே மாதம் போனது. டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. உடன் போன அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவருடைய அப்பா பிறந்த ஊர் சேலம் பக்கம். அந்த ஊர்க் கிணற்றடியையும் மாரியம்மன் கோயிலையும் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர். அவற்றை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். செருப்பில்லாத காலோடு பிராகாரத்துக் கருங்கல்லில் நடந்திருக்கிறார். பிற்பகலில் தலைசுற்றல், வாந்தி. மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். மூன்று நாள் லாட்ஜ் அறையைவிட்டு எழவில்லை. சேலம் பஸ்ஸில் இந்த நிலையில் எப்படி ஏற்றுவது என்று மகன் பயந்துவிட்டார். எட்டாம் நாள் திரும்பிவிட்டார்கள்.

"விமான நிலையத்தையும் லாட்ஜ் மின்விசிறியையும் நல்லா பாத்துட்டு வந்தேன் டீச்சர்" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது அவருக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மகனும் இன்னொரு தடவை போவதைப் பற்றிப் பேசுவதில்லை. டிக்கெட்டில் மிச்சமானது சில நூறு வெள்ளி. போனது எது என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆடி, ஆவணி

ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 35 டிகிரிக்கு அருகில் வரும். சில மாலைகளில் இடியும் மழையும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஆடிக் காற்று நன்றாகத் தெரியும். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் துணி விற்பனை மந்தமாகாதிருக்கக் கடைகள் ஆடித் தள்ளுபடி போடுகின்றன. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

சேலை எடுப்பதே நோக்கமானால், உடம்பில் தெம்பு உள்ளவர்கள் இந்த மாதங்களில் போகலாம். காலையில் கடை திறந்ததும் போய் வாங்கிவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் வந்துவிட வேண்டும். பெரியவர்களை அந்தத் தெருவுக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை

அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும். சென்னைக்கு ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். நம் கோலாலம்பூருக்கு இதைவிட மிக அதிகம். ஆனால் நமக்குப் பன்னிரண்டு மாதமும் பங்கிட்டுப் பெய்கிறது. சென்னைக்கோ பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கிறது. அதிலும் நவம்பர்தான் உச்சம். பாட்டி சொன்ன அடைமழை இதுதான்.

தாழ்வான அந்த நகரத்தில் இவ்வளவு தண்ணீரும் சீக்கிரம் வடிய வழியில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு, விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, அது சில நாள் மூடிக்கிடந்தது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் மழையால் விமான நிலையம் மறுபடியும் மூடப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் இப்படி நடப்பதில்லை. ஆனால் நடந்தால் இந்த வாரங்களில்தான் நடக்கும்.

அந்த மழையைக் குறை சொல்லவும் முடியாது. அது பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2019 கோடையில் கண்டோம். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, மக்கள் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். சென்னைக்கு அந்த மழை வேண்டும். ஆனால் நாம் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியதில்லை.

தீபாவளியை ஊரில் கொண்டாட விரும்பிப் போகிறவர்கள் சிலவற்றை நினைவில் வைக்க வேண்டும். தங்குமிடம் மேட்டுப் பாங்கான பகுதியில், மாடி அறையாக இருக்கட்டும். வெளியூர்ப் பயணத்தை முடித்துக்கொண்டு, திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே சென்னைக்கு வந்துவிடுங்கள். மருந்து மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மழைக்குப் பின் கொசு பெருகும். டெங்கு அங்கும் உண்டு.

தை, மாசி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். பயணத்துக்கும் அது பொருந்தும். பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் தொடக்கம் வரை உள்ள ஆறு, ஏழு வாரங்கள்தான் பெரியவர்களுக்கு ஏற்ற காலம் என்பது என் முடிவு. மழை அநேகமாக நின்றிருக்கும். பிப்ரவரி ஆண்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் மாதங்களில் ஒன்று. பகல் வெயில் நம் ஊர் வெயிலைவிட மெதுவானது. விடியற்காலையில் பெரியவர்களுக்குச் சால்வை வேண்டியிருக்கும். மெரினாவில் காலை ஆறு மணிக்கு அவர்களை மெல்ல நடத்திக் கூட்டிப் போகலாம். மயிலாப்பூர், வடபழனிக் கோயில்களில் கால் சுடாமல் சுற்றலாம். மாமல்லபுரத்துக் கல் கோயில்களை நின்று பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்குச் சம்பா அறுவடையும் காணக் கிடைக்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி இசை விழா. பல சபாக்களில் காலையிலேயே கச்சேரி தொடங்கிவிடும். இலவசக் கச்சேரிகளும் உண்டு. ஜனவரியை ஒட்டிப் புத்தகக் கண்காட்சியும் நடக்கும். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வாங்கி வருவதைவிட நல்ல பரிசு எது?

பொங்கல் நாள்களில் மட்டும் கவனம் தேவை. சென்னையில் வேலை செய்வோர் லட்சக்கணக்கில் சொந்த ஊருக்குப் புறப்படுவார்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைக்காது. ரயிலுக்கு 60 நாள் முன்னதாகவே முன்பதிவு திறக்கிறது, திறந்ததும் பதிந்துவிடுங்கள். காணும் பொங்கலன்று கடற்கரையில் கூட்டம் அலைமோதும்.

நமக்கும் ஒரு சங்கடம் உண்டு. தைப்பூசம் இந்தக் காலத்தில்தான் வரும். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ நேர்த்திக்கடன் உள்ளவர்கள், அதை முடித்துக்கொண்டு மாசியில் புறப்படட்டும். சீனப் பெருநாளை ஒட்டி டிக்கெட் விலை ஏறும். அதற்கு இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தால் விலை இறங்கியிருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்வது?

"தை, மாசியில் பள்ளி இருக்கிறதே டீச்சர், பத்து நாள் லீவு கொடுங்கள்" என்று பெற்றோர் கேட்பார்கள். பள்ளியில் வேலை செய்கிற நான் இதற்குச் சரி என்று சொல்ல மாட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் விட்ட பாடத்தை, வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை பிறகு எட்டிப் பிடிப்பது கடினம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பெரியவரை ஒரு மகனோ மகளோ மட்டும் மாசியில் கூட்டிப் போவது. செலவும் குறையும். பெரியவரின் நடைக்கு ஏற்றபடி பயணமும் அமையும். ஆறு பேர் போனால் ஆளுக்கு ஓர் ஆசை; பாட்டியின் ஆசை கடைசியில் நிற்கும். இரண்டாம் வழி, ஆண்டிறுதி விடுமுறை டிசம்பரில் அமையும் ஆண்டில், மாதத்தின் பின்பாதியில் குடும்பத்தோடு போவது. அடைமழை பெரும்பாலும் ஓய்ந்துகொண்டிருக்கும். குளிர்ச்சி தொடங்கியிருக்கும். டிக்கெட் விலை கூடுதல்தான். ஆறு மாதம் முன்பே வாங்கினால் கொஞ்சம் குறையும். பள்ளி நாட்காட்டி சென்ற சில ஆண்டுகளாக மாறி மாறி வருகிறது. பணம் கட்டுமுன் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவிர்க்க முடியாமல் மே மாதம் போகிறவர்களுக்கு

உடன்பிறந்தார் மகள் கல்யாணம் வைகாசியில் என்றால் போகாமல் இருக்க முடியாது. அப்படிப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் வெளி வேலைகளை முடித்துவிடுங்கள். பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழலிலேயே இருங்கள். கோயில்களும் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். வந்திறங்கிய முதல் இரண்டு நாள் ஓய்வு. மூன்றாம் நாள் வெளியூர்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் குடிக்க வேண்டும். உப்பிட்ட நீர்மோர், இளநீர், நுங்கு எல்லாம் அந்த வெயிலுக்கென்றே அந்த மண் கொடுப்பவை. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீர் அதிகமாகப் போவதற்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பெரியவர் பேச்சு தடுமாறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

முடிவாக ஒன்று. பயணம் பேசத் தொடங்கும்போது முதலில் டிக்கெட் விலையைப் பார்க்காதீர்கள். உடன் வருபவர்களில் மூத்தவர் யார் என்று பாருங்கள். அவருடைய உடம்புக்கு ஏற்ற மாதத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாதத்துக்குள் மலிவான டிக்கெட்டைத் தேடுங்கள். தை வரை காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். இத்தனை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு இன்னும் சில மாதம் பெரிதல்ல. அதுவரை மாதம் ஐம்பது வெள்ளி கூடுதலாகச் சேரும். சேலம் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு கார் வைத்துக்கொண்டு போய்வரவும் அது உதவும்.